வெளியே போவது முதலில், மெயில் அப்புறம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காலையில் மெயிலைத் திறந்தால் மூடுவதற்குள் வெயில் ஏறிவிடுகிறது. சாயங்காலம் திறந்தால் மூடுவதற்குள் இருட்டிவிடுகிறது. நடக்க வேண்டும், மரம் செடி பார்க்க வேண்டும், கொஞ்ச நேரம் காற்றாட உட்கார வேண்டும் என்று ஆசை இருந்தும் திரையை விட்டு எழுந்திருக்க முடியாதவர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். பதில்கள் நடுநிலையானவை அல்ல. நான் வெளியே போகிறவர்களின் கட்சி.

மெயில் பார்ப்பது என் வேலை. அதைப் போய் குறைக்கச் சொன்னால் எப்படி?

வேலையைக் குறைக்கச் சொல்லவில்லை. மெக்கின்சி என்ற மேலாண்மை ஆலோசனை நிறுவனம் 2012-இல் வெளியிட்ட அறிக்கை ஒன்று, அலுவலகத்தில் மூளை உழைப்பு செய்பவர்களின் வார வேலை நேரத்தில் 28 சதவீதம் மெயில் படிப்பதிலும் பதில் எழுதுவதிலும் போகிறது என்று கணக்கிட்டது. வாரம் ஐந்து நாள் வேலை என்றால், கிட்டத்தட்ட ஒன்றரை நாள். அந்த ஒன்றரை நாளில் உருப்படியான வேலையும் நடக்கத்தான் செய்கிறது. யாருக்கோ ஒப்புதல் கொடுக்கிறோம், விலை கேட்கிறோம், கூட்டத்துக்குத் தேதி குறிக்கிறோம். அதில் கை வைக்க வேண்டாம்.

கை வைக்க வேண்டியது 'ஏதாவது வந்திருக்கிறதா?' என்று எட்டிப் பார்ப்பதில். இதில் வேலை எதுவும் நடப்பதில்லை. ஆனால் நாள் முழுக்கத் துண்டு துண்டாகச் சிதறிவிடுகிறது. வெளியே போக அரை மணி நேரம் சேர்ந்தாற்போல் கிடைப்பதில்லை என்பவர்கள் முதலில் இந்தத் துண்டுகளைத்தான் தேட வேண்டும்.

நான் அளவுக்கு மீறிப் பார்க்கிறேனா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

போனிலேயே கணக்கு இருக்கிறது. ஐபோனில் 'ஸ்கிரீன் டைம்', ஆண்ட்ராய்டில் 'டிஜிட்டல் வெல்பீயிங்'. அதில் நிமிடக் கணக்கைவிட, போனை எத்தனை முறை எடுத்தீர்கள், எத்தனை நோட்டிஃபிகேஷன் வந்தது என்பதைப் பாருங்கள். எண்ணிக்கையைப் பார்த்ததும் பலருக்கு முகம் மாறும்.

எண் எதுவும் வேண்டாம் என்றால் இதைக் கவனியுங்கள். ஏற்கெனவே படித்த மெயிலையே மறுபடி திறந்து, பதில் எழுதாமல் மூடுகிறீர்களா? படித்துவிட்டு 'படிக்காதது' என்று திரும்பக் குறித்து வைக்கிறீர்களா? காலையில் கட்டிலை விட்டு இறங்குவதற்கு முன்பே இன்பாக்ஸுக்குள் இறங்கிவிடுகிறீர்களா? வெளியே மழை பெய்து ஓய்ந்ததை அடுத்தவர் சொல்லித்தான் தெரிந்துகொள்கிறீர்களா? இரண்டுக்கு மேல் 'ஆமாம்' என்றால் மேலே படியுங்கள்.

வேண்டாம் என்று நினைத்தாலும் கை தானாகப் போகிறதே, ஏன்?

ஒரு தடவை உங்கள் கையையே பாருங்கள். கட்டைவிரல் திரையைத் தொட்டுக் கீழே இழுக்கிறது. மேலே சின்ன வட்டம் ஒன்று சுற்றுகிறது. அந்த ஒரு நொடி உடம்பு அசையாமல் இருக்கிறது. வட்டம் மறைகிறது, ஒன்றும் வரவில்லை. போனைக் கீழே வைக்கப் போகும்போது விரல் இன்னொரு முறை இழுத்துப் பார்க்கிறது. முதல் தடவைக்கும் இரண்டாவது தடவைக்கும் இடையில் நான்கு நொடி இருந்தால் அதிகம். அதற்குள் என்ன வந்துவிடும்? ஒன்றும் வராது என்று விரலைத் தவிர மற்ற எல்லோருக்கும் தெரியும்.

பி.எஃப். ஸ்கின்னர் என்ற உளவியலாளர் புறாக்களையும் எலிகளையும் வைத்துச் செய்த சோதனைகள் இதை விளக்குகின்றன. ஒவ்வொரு முறை கொத்தும்போதும் தீனி கிடைத்தால் புறா தேவைக்குக் கொத்திவிட்டு நிறுத்திக்கொள்ளும். எப்போது கிடைக்கும் என்றே தெரியாமல் எப்போதாவது கிடைத்தால், விடாமல் கொத்திக்கொண்டே இருக்கும். மெயிலும் அப்படித்தான் வருகிறது. பத்தில் ஒன்பது ஒன்றுக்கும் உதவாது. பத்தாவதில் ஒரு நல்ல செய்தி இருக்கும், அல்லது பயந்துகொண்டிருந்த பதில் இருக்கும். அந்தப் பத்தாவது எப்போது வரும் என்று தெரியாததுதான் கையை இழுக்கிறது. ஆகவே இதை மன உறுதி இல்லாத குறையாக நினைத்து வருந்த வேண்டாம். புறாவுக்கு மன உறுதி வகுப்பு எடுத்தும் பயனில்லை. கொத்தும் பலகையைத் தள்ளி வைப்பதுதான் வழி.

தள்ளி வைப்பது என்றால், முதல் வேலையாக மெயில் வந்ததும் போன் கூப்பிடுவதை நிறுத்துவது. ஐபோனின் மெயில் செயலியில் 'புஷ்' முறையை அணைத்துவிட்டு, 'மேனுவல்' என்று வைக்கலாம். திறந்தால்தான் புது மெயில் இறங்கும். ஜிமெயில் செயலியில் நோட்டிஃபிகேஷனை முழுக்க அணைக்கலாம், மனசு வரவில்லை என்றால் முக்கியமானதற்கு மட்டும் என்று வைக்கலாம். செயலியை முதல் பக்கத்திலிருந்து எடுத்து, தேடினால் மட்டும் கிடைக்கும் இடத்தில் போடுங்கள். ஐகானின் மூலையில் சிவப்பு வட்டத்தில் தெரியும் எண்ணிக்கையையும் அணையுங்கள். அந்த எண் உங்களுக்குச் சொல்லும் ஒரே செய்தி 'நீ இன்னும் முடிக்கவில்லை' என்பது. அதை நாள் முழுக்கக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

ஒரு நாளைக்கு எத்தனை முறை பார்த்தால் போதும்?

பெரும்பாலான வேலைகளுக்கு மூன்று முறை. இது என் சொந்த எண் அல்ல. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த குஷ்லெவ், டன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 124 பேரை வைத்து ஓர் ஆய்வு செய்து 2015-இல் வெளியிட்டார்கள். ஒரு வாரம் நாளுக்கு மூன்று முறை மட்டும் மெயில் பார்க்க வேண்டும், இன்னொரு வாரம் இஷ்டத்துக்குப் பார்க்கலாம். மூன்று முறை மட்டும் பார்த்த வாரத்தில் சராசரியாக மன அழுத்தம் குறைவாக இருந்தது. அப்படிக் கட்டுப்படுத்திக்கொள்வதுதான் அவர்களுக்குச் சிரமமாக இருந்ததாம்.

நேரத்தை உங்கள் வேலைக்குத் தக்கபடி வைத்துக்கொள்ளுங்கள். நிபந்தனை இரண்டுதான்: முதல் தடவை, காலையில் வெளியே போய்விட்டு வந்த பிறகு. கடைசித் தடவை, சாயங்காலம் வெளியே போகக் கிளம்புவதற்கு உடனே முன்னால் இருக்கக் கூடாது. ஒரு வேலையை அரைகுறையாக விட்டுவிட்டு அடுத்ததற்குத் தாவினால் மனசின் ஒரு பகுதி பழையதிலேயே தங்கிவிடுகிறது என்று சோஃபி லெராய் என்ற ஆய்வாளர் 2009-இல் எழுதினார். செருப்பு மாட்டும்போது கடைசியாக ஒரு மெயில் படித்தவருக்கு இதற்கு ஆய்வே தேவையில்லை. கால் பூங்காவைச் சுற்றும், வாய் அந்த மெயிலுக்குப் பதில் முணுமுணுத்துக்கொண்டிருக்கும்.

அந்த நேரத்தில் அவசர மெயில் வந்துவிட்டால்?

அவசரம் என்றால் போன் செய்வார்கள். இதைச் சொன்னதும் 'எங்கள் அலுவலகத்தில் அப்படி இல்லை' என்று ஒரு பதில் வரும். அப்படி இல்லை என்றால், அப்படி ஆக்குவது உங்கள் கையில் கொஞ்சம் இருக்கிறது. மெயிலின் அடியில் கையெழுத்துப் பகுதியில் ஒரு வரி போதும்: 'உடனடியாகத் தேவைப்பட்டால் அழைக்கவும்.' போன் எண்ணைக் கொடுத்தால் எல்லோரும் கூப்பிட்டுக்கொண்டே இருப்பார்கள் என்று பயப்பட வேண்டாம். மெயிலில் 'மிக அவசரம்' என்று போடக் காசா பணமா? கூப்பிட்டுப் பேச வேண்டும் என்றால் அனுப்புகிறவரே ஒரு முறை யோசிப்பார். பாதி அவசரம் அங்கேயே கரைந்துவிடும்.

இன்னொன்று. மெயில் என்ற ஏற்பாடே காத்திருப்பதற்காக அமைந்தது. மெயிலை ஒரு கணினியிலிருந்து இன்னொன்றுக்குக் கொண்டுசேர்க்கும் எஸ்எம்டிபி என்ற நெறிமுறை 1982-இல் வகுக்கப்பட்டது. அந்தக் காலத்தில் கணினிகளுக்கு இடையே எப்போதும் இணைப்பு இருக்கும் என்று நம்ப முடியாது. அதனால் வாங்க வேண்டிய சர்வர் (மெயிலைக் கையாளும் கணினி) பதில் சொல்லவில்லை என்றால், அனுப்பும் சர்வர் மெயிலை வரிசையில் வைத்துக்கொண்டு விட்டு விட்டு முயலும். குறைந்தது நான்கைந்து நாளாவது முயன்ற பிறகே கைவிட வேண்டும் என்று இன்றைய விதியும் சொல்கிறது. சர்வருக்கே நான்கைந்து நாள் பொறுமை இருக்கும்போது, நீங்கள் நாற்பது நிமிடம் நடந்துவிட்டு வருவதால் மெயிலுக்கு எந்தக் கேடும் இல்லை.

உண்மையிலேயே உடனே பார்க்க வேண்டிய வேலையில் இருப்பவர்கள் உண்டு. மருத்துவமனையில், சர்வர் கண்காணிப்பில், செய்தி அறையில் இருப்பவர்களுக்கு முறை வைத்து விழித்திருக்கும் பொறுப்பு இருக்கும். அங்கேயும் பெரும்பாலும் அழைப்போ பேஜரோதான் ஒலிக்கும், மெயில் இல்லை. குறிப்பிட்ட ஒருவரின் மெயில் மட்டும் தவறக் கூடாது என்றால், ஐபோனில் அவரை 'விஐபி' பட்டியலில் சேர்த்து அவருக்கு மட்டும் ஒலி வைக்கலாம். அந்தப் பட்டியலில் மூன்று பேருக்கு மேல் சேர்க்காதீர்கள். பத்து பேர் இருந்தால் பழைய கதைதான்.

இன்பாக்ஸைக் காலி செய்துவிட்டு நிம்மதியாக வெளியே போகலாம் என்று பார்க்கிறேன். அது சரிதானே?

இந்தக் கேள்விக்குத்தான் நான் கொஞ்சம் நீளமாகப் பதில் சொல்லப் போகிறேன். பலர் வெளியே போகாமலே இருப்பதற்குக் காரணம் இந்த நல்ல எண்ணம்தான்.

சமையல் முடியும், துணி துவைத்தால் முடியும், கணக்கு எழுதினால் முடியும். இன்பாக்ஸ் முடியாது. முடிக்கும் உரிமை உங்களிடம் இல்லை. உங்கள் முகவரி தெரிந்த யார் வேண்டுமானாலும், எந்த நேரத்திலும், உங்களைக் கேட்காமல் அதில் ஒரு வேலையைப் போடலாம். அதோடு, நீங்கள் பதில் எழுத எழுத அது கூடும். பத்துப் பேருக்கு உடனே பதில் போட்டால் அவர்களில் ஆறு பேர் உடனே திரும்ப எழுதுவார்கள், 'நன்றி' என்றாவது. வேகமாகப் பதில் தருபவர் என்று பேர் எடுத்தவருக்குத்தான் அதிக மெயில் வரும். சுறுசுறுப்புக்குக் கிடைக்கும் பரிசு இது.

வெளிச்சமோ முடிந்துவிடும். சாயங்கால வெயிலுக்கு ஒரு நேரம் இருக்கிறது, அது உங்கள் மெயிலுக்காக நிற்காது. முடியவே முடியாத ஒன்றை முடித்த பிறகு, சீக்கிரம் முடிந்துபோகும் ஒன்றைப் பார்க்கலாம் என்று வரிசை போட்டால், இரண்டாவது நடக்கவே நடக்காது. எனவே வரிசையைத் திருப்பிப் போட வேண்டும். வெளிச்சம் இருக்கும்போது வெளியே. மீதி நேரம் மெயிலுக்கு. இதைப் பொறுப்பில்லாத பேச்சு என்று நினைப்பவர்கள் ஒரு வாரம் செய்துபார்த்து, எந்த வேலை கெட்டது என்று எழுதி வைக்கட்டும். தாள் பெரும்பாலும் வெறுமையாகத்தான் இருக்கும்.

இன்பாக்ஸ் காலியாக இருந்தால்தான் மனசு அடங்கும் என்பவர்களுக்கு ஒரு குறுக்கு வழி உண்டு. ஒரு மாதத்துக்கு மேல் பழைய மெயில் எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து 'ஆர்க்கைவ்' செய்துவிடுங்கள். எதுவும் அழியாது, தேடினால் கிடைக்கும், கண்ணில் மட்டும் படாது. அதில் முக்கியமானது இருந்தால் சம்பந்தப்பட்டவர் மறுபடி எழுதுவார்.

மெயிலைக் குறைத்தால் உடம்புக்கு ஏதாவது நல்லதா, இல்லை வெறும் மன திருப்தியா?

உடம்புக்கும்தான். கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் இர்வைன் வளாகத்தைச் சேர்ந்த குளோரியா மார்க்கும் அவருடைய குழுவினரும் 2012-இல் வெளியிட்ட ஆய்வில், 13 அலுவலக ஊழியர்களுக்கு ஐந்து நாள் மெயிலை அடியோடு நிறுத்தினார்கள். இதயத்துடிப்பை அளக்கும் கருவியையும் மாட்டிவிட்டார்கள். மெயில் இருந்தபோது திரையில் மணிக்குச் சராசரியாக 37 முறை ஒரு ஜன்னலிலிருந்து இன்னொன்றுக்குத் தாவியவர்கள், மெயில் இல்லாதபோது 18 முறைதான் தாவினார்கள். இதயத்துடிப்பிலும் மன அழுத்தத்தின் அடையாளம் குறைந்தது. 13 பேர் என்பது சின்ன எண்ணிக்கை, அதை வைத்து உலகத்துக்கே தீர்ப்பு சொல்ல முடியாது. ஆனால் அந்த ஆய்வில் எனக்குப் பிடித்த விஷயம் வேறு. மெயில் இல்லாதவர்கள் ஏதாவது கேட்க வேண்டும் என்றால் நாற்காலியை விட்டு எழுந்து போய்க் கேட்டார்கள்.

சரி, வெளியே போனால் என்ன கிடைக்கும்?

முதலில் வெளிச்சம். அலுவலக அறையில் விளக்கு பளிச்சென்று எரிவதாக நமக்குத் தோன்றும். வெளிச்சத்தை அளக்கும் லக்ஸ் என்ற அலகில் அளந்தால் 300 முதல் 500 தான். வெளியே மேகம் மூடிய நாளில்கூடப் பல ஆயிரம் லக்ஸ் இருக்கும். நேர் வெயிலில் ஒரு லட்சத்தைத் தொடும். கண் தன்னைச் சரிசெய்துகொள்வதால் இந்த வித்தியாசம் நமக்கு உறைப்பதில்லை. உடம்பின் உள் கடிகாரத்துக்கு உறைக்கும். காலை வெளிச்சம் கண்ணில் பட்டால் இரவுத் தூக்கம் நேரத்துக்கு வரும். இரவு பதினொரு மணிக்கு மெயில் பார்ப்பவர்களில் பலர் தூக்கம் வராததால் பார்க்கிறார்கள், பார்ப்பதால் தூக்கம் வராமல் கிடக்கிறார்கள்.

அடுத்தது, தேய்ந்த கவனம் திரும்ப வருவது. மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் பெர்மன், ஜோனிடெஸ், கப்லான் ஆகியோர் 2008-இல் வெளியிட்ட ஆய்வில், சிலரை மரங்கள் அடர்ந்த தோட்டம் வழியாகவும் சிலரை நகரத் தெரு வழியாகவும் நடக்கவிட்டார்கள். திரும்பி வந்ததும், வரிசையாகச் சொன்ன எண்களைப் பின்னாலிருந்து சொல்லச் சொன்னார்கள். மரங்களுக்கிடையே நடந்தவர்கள் முன்பைவிட நன்றாகச் சொன்னார்கள். தெருவில் நடந்தவர்களிடம் அந்த அளவுக்கு மாற்றம் இல்லை. வாகனம், விளம்பரப் பலகை, சிக்னல் எல்லாம் 'என்னைப் பார்' என்று பிடித்து இழுக்கின்றன, இன்பாக்ஸ் மாதிரியே. மரம் அப்படிக் கூப்பிடாது. பார்த்தால் பார்க்கலாம், இல்லாவிட்டால் போகலாம்.

எவ்வளவு நேரம் என்று கேட்பார்கள். இங்கிலாந்தில் கிட்டத்தட்ட 20,000 பேரிடம் எடுத்த கணக்கை வைத்து 2019-இல் வந்த ஆய்வு ஒன்று, வாரத்துக்கு 120 நிமிடமாவது இயற்கைச் சூழலில் இருப்பவர்கள் தங்கள் உடல்நலமும் மனநிலையும் நன்றாக இருப்பதாகச் சொல்லும் வாய்ப்பு அதிகம் என்று கண்டது. ஒரே நாளில் இரண்டு மணி நேரமாக இருந்தாலும், பல நாளாகப் பிரித்தாலும் வித்தியாசமில்லை. நலமாக இருப்பவர்கள்தான் அதிகம் வெளியே போகிறார்களோ என்ற சந்தேகத்தை இந்த மாதிரி ஆய்வு முழுக்கத் தீர்க்காது. இருந்தாலும் தினம் இருபது நிமிடத்துக்குக் கொஞ்சம் குறைவு என்பது யாரும் கொடுக்கக்கூடிய நேரம்தான்.

மொட்டை மாடியிலோ பால்கனியிலோ நின்றால் போதாதா?

ஒன்றுமில்லாததற்கு அது நல்லது. ஜன்னலுக்குக்கூடப் பலன் உண்டு. ரோஜர் உல்ரிக் 1984-இல் வெளியிட்ட புகழ்பெற்ற ஆய்வில், பித்தப்பை அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களில் ஜன்னல் வழியே மரம் தெரிந்தவர்கள், செங்கல் சுவர் தெரிந்தவர்களைவிட முன்னதாக வீடு திரும்பினார்கள். வலி மருந்தும் அவர்களுக்குக் குறைவாகவே தேவைப்பட்டது. ஆனால் பால்கனியில் ஒரு ஆபத்து இருக்கிறது. லேப்டாப் இரண்டு எட்டில் இருக்கும். முடிந்தால் வாசலைத் தாண்டிவிடுங்கள்.

நடக்கும்போது போனை எடுத்துப் போகலாமா?

எடுத்துப் போங்கள், பாதுகாப்புக்கு வேண்டும். மெயில் மட்டும் அதில் வராதபடி செய்யுங்கள். 'டூ நாட் டிஸ்டர்ப்' போட்டு, வீட்டாரின் அழைப்புகளை மட்டும் அனுமதிக்கலாம். கையில் பிடிக்காமல் பையில் போடுங்கள், ஜிப் உள்ள பையாக இருந்தால் இன்னும் நல்லது. அந்த ஜிப்பைத் திறக்கும் இரண்டு நொடியில் புத்தி வந்துவிடும்.

நடக்கும்போது 'இதை அவருக்கு எழுத வேண்டுமே' என்று நிச்சயம் ஒன்று தோன்றும். நடையில்தான் நல்ல யோசனைகள் வரும் என்பதால் அதைத் தடுக்க வேண்டாம். சின்னத் தாளில் இரண்டு சொல் குறித்துக்கொள்ளுங்கள். மெயில் செயலியில் டிராஃப்ட் எழுத ஆரம்பித்தால் நடை அங்கேயே நின்றுவிடும்.

பூங்காவில் உட்கார்ந்து லேப்டாப்பில் மெயில் பார்த்தால் இரண்டும் ஆயிற்றே?

இரண்டும் ஆகாது. வெயிலில் திரை தெரியாமல் கண்ணைச் சுருக்கிக்கொண்டிருப்பீர்கள். காற்று வீசினால் இதமாக இருக்கும், அவ்வளவுதான்.

வருவதில் பாதி விளம்பர மெயில். அதை என்ன செய்வது?

இது ஒரு மணி நேர வேலை, ஒரே தடவை உட்கார்ந்து முடித்துவிடலாம். இன்பாக்ஸின் தேடல் பெட்டியில் 'அன்சப்ஸ்கிரைப்' என்ற சொல்லை ஆங்கிலத்தில் அடித்துத் தேடுங்கள். அநேகமாக எல்லா விளம்பர மெயிலிலும் அந்தச் சொல் இருக்கும் என்பதால் கூட்டமாக வந்து நிற்கும். ஒவ்வொரு நிறுவனத்தின் மெயிலையும் ஒரு முறை திறந்து விலகிக்கொள்ளுங்கள். பெரிய அளவில் மெயில் அனுப்புகிறவர்கள் ஒரே சொடுக்கில் விலகும் வசதியைத் தர வேண்டும், கேட்டவரை இரண்டு நாளுக்குள் பட்டியலிலிருந்து நீக்க வேண்டும் என்று கூகுளும் யாஹூவும் 2024-இல் கட்டாயமாக்கின. அதனால் இப்போது இது முன்பைவிட எளிது.

ஒரு எச்சரிக்கை. நீங்கள் எப்போதும் பதிவு செய்யாத, பெயரே தெரியாத இடத்திலிருந்து வந்த மெயிலில் விலகும் இணைப்பைச் சொடுக்காதீர்கள். 'இந்த முகவரியில் ஆள் இருக்கிறது' என்று அவர்களுக்குச் சொன்னதாகிவிடும். அதை ஸ்பேம் என்று குறித்துவிட்டு நகருங்கள். விலக மனமில்லாத செய்திமடல்களுக்கு ஒரு ஃபில்டர் போட்டு, இன்பாக்ஸைத் தொடாமல் தனி லேபிளுக்கு அனுப்புங்கள். மூன்று மாதம் அந்த லேபிளைத் திறக்கவில்லை என்றால் விடை தெரிந்துவிட்டது.

மனிதர்கள் அனுப்பும் மெயிலைக் குறைக்க முடியுமா?

முடியும், நாம் அனுப்புவதைக் குறைத்தால். 'எப்போது பேசலாம்?' என்று எழுதினால் நான்கு மெயில் ஓடும். 'வியாழன் மூன்று மணி, இல்லையென்றால் வெள்ளி பதினொன்று, எது வசதி?' என்று எழுதினால் ஒன்றில் முடியும். 'ரிப்ளை ஆல்' அழுத்தும் முன் பட்டியலைப் பாருங்கள். பேச்சு மூன்று சுற்றுக்கு மேல் போனால் கூப்பிட்டுப் பேசிவிடுங்கள். முடிந்தால் நடந்துகொண்டே பேசுங்கள்.

மேலதிகாரி இரவிலும் அனுப்புகிறார். பதில் போடாமல் இருந்தால் தப்பாக நினைப்பாரே?

இதை ஊழியரின் தலையில் மட்டும் கட்டுவது நியாயமில்லை என்று சில நாடுகளே முடிவு செய்துவிட்டன. வேலை நேரத்துக்குப் பிறகு தொடர்பில் இல்லாதிருக்கும் உரிமையை பிரான்ஸ் சட்டத்தில் சேர்த்தது, 2017 ஜனவரி 1 முதல் அமலில் இருக்கிறது. ஆஸ்திரேலியாவில் 2024 ஆகஸ்டில் இதே மாதிரி உரிமை வந்தது. சட்டத்துக்கு முன்பே, 2011-இல் ஃபோக்ஸ்வாகன் நிறுவனம் ஜெர்மனியில் ஒரு பிரிவு ஊழியர்களுக்குப் பணி முடிந்து அரை மணி நேரத்தில் பிளாக்பெர்ரி போனுக்கு மெயில் போவதையே நிறுத்திவைத்தது.

உங்களுக்கு அப்படி ஒரு பாதுகாப்பு இல்லை என்றால், நேரே கேட்பது நல்லது: 'இரவில் அனுப்புவதற்கு அப்போதே பதில் வேண்டுமா, காலையில் போதுமா?' பல அதிகாரிகள் ஞாபகம் வந்ததை மறக்காமல் இருக்க அனுப்பிவைக்கிறார்கள், பதிலை எதிர்பார்ப்பதே இல்லை. எதிரில் இருப்பவர் அதைக் கட்டளையாக எடுத்துக்கொண்டு பதறுவது அவர்களுக்குத் தெரிவதும் இல்லை. நீங்களே அதிகாரி என்றால், இரவில் எழுதுங்கள், 'ஷெட்யூல் சென்ட்' போட்டுக் காலையில் போகவிடுங்கள்.

விடுமுறையில் வெளியூர் போனாலும் மெயில் விடுவதில்லை.

விடுமுறையைவிட, திரும்பி வரும்போது காத்திருக்கும் குவியல்தான் பயமுறுத்துகிறது. அந்தப் பயத்தில்தான் மலையேறிய இடத்திலும் சிக்னல் தேடுகிறோம். ஜெர்மனியின் டைம்லர் நிறுவனம் 2014-இல் இதற்கு ஒரு தைரியமான வழி கண்டது. விடுமுறையில் இருப்பவர் விரும்பினால் அவருக்கு வரும் மெயில் தானாக அழிக்கப்படும். அனுப்பியவருக்கு 'இவர் விடுமுறையில் இருக்கிறார், உங்கள் மெயில் அழிக்கப்படுகிறது, அவசரம் என்றால் இன்னாரைத் தொடர்புகொள்ளவும்' என்று பதில் போகும். குவியலே இல்லை.

அழிக்கும் அதிகாரம் நமக்கு இல்லாவிட்டாலும், ஆட்டோ ரிப்ளையில் இப்படி எழுதலாம்: 'இந்தத் தேதி வரை மெயில் பார்க்க மாட்டேன். அதற்குப் பிறகும் இது தேவைப்பட்டால் தயவுசெய்து மறுபடி அனுப்பவும்.' 'அவ்வப்போது பார்ப்பேன்' என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். அது விடுமுறையை நீங்களே ரத்து செய்தது போல.

வெயில் கொளுத்துகிறது, இல்லை மழை கொட்டுகிறது. எப்படிப் போவது?

நடுப்பகல் வெயிலில் யாரும் போகச் சொல்லவில்லை. காலையிலும் சாயங்காலமும் போங்கள், நிழலில் நடங்கள், தண்ணீர் எடுத்துப் போங்கள். இடி கேட்டால் உள்ளே வந்துவிட வேண்டும், கடைசி இடிக்குப் பிறகு அரை மணி நேரம் கழித்தே திரும்ப வெளியே போக வேண்டும். இடி இல்லாத தூறலுக்குக் குடை போதும். முன்னால் சொன்ன மிச்சிகன் ஆய்வில் கடும் குளிரில் நடந்தவர்களும் இருந்தார்கள். அவர்களுக்கு அந்த நடை அவ்வளவாகப் பிடிக்கவில்லை. கவனம் மட்டும் மற்றவர்களைப் போலவே தேறியது.

வெளியே போனால் போர் அடிக்கிறது. என்ன பார்ப்பது என்றே தெரியவில்லை.

முதல் சில நாள் அடிக்கத்தான் செய்யும். நிமிடத்துக்கு ஒரு புதுச் செய்தி கேட்டுப் பழகிய கண் அது.

ஒரே ஒரு மரத்தைத் தேர்ந்தெடுத்து அதன் அடியில் ஐந்து நிமிடம் நின்று பாருங்கள். தண்டில் எறும்பு வரிசை ஒன்று ஏறிக்கொண்டிருக்கும், இன்னொன்று இறங்கும். எதிரெதிரே வரும் இரண்டு எறும்பு ஒரு கணம் நின்று, உணர்கொம்புகளைத் தொட்டுக்கொண்டு, விலகிப் போகும். பட்டையில் விரலை வைத்தால் வெயில் பட்ட பக்கம் கதகதப்பாகவும் மறுபக்கம் குளிர்ச்சியாகவும் இருக்கும். ஒரு இலையைத் திருப்பிப் பாருங்கள், மேல்பக்கத்தைவிட அடிப்பக்கம் வெளிறி, நரம்பு புடைத்துத் தெரியும். அங்கே ஏதாவது ஒரு பூச்சி முட்டையிட்டிருக்கலாம், ஏதாவது ஒன்று கடித்துத் தின்ற ஓட்டை இருக்கலாம். அடுத்த நாள் அதே இலையைத் தேடிப் போவீர்கள், ஓட்டை பெரிதாகியிருக்கிறதா என்று பார்க்க. இதற்கு மேல் போர் அடித்தால் யாரையாவது துணைக்குக் கூட்டிப் போங்கள்.

குழந்தைகளுக்கு மெயில் பிரச்சினை இல்லையே, அவர்களையும் கூட்டிப் போக வேண்டுமா?

கண்டிப்பாக. சீனாவின் குவாங்சோ நகரில் 12 பள்ளிகளில் நடந்த ஆய்வு 2015-இல் வெளியானது. பாதிப் பள்ளிகளில் முதல் வகுப்புப் பிள்ளைகளுக்குத் தினம் கூடுதலாக 40 நிமிடம் வெளியில் இருக்கும் வகுப்பு வைத்தார்கள். மூன்று வருடத்தில் அந்தப் பிள்ளைகளில் 30.4 சதவீதத்தினருக்குக் கிட்டப்பார்வை வந்தது. மற்றப் பள்ளிகளில் 39.5 சதவீதம். அப்பா அம்மா மெயிலில் மூழ்கியிருந்தால் குழந்தையும் உள்ளேதான் இருக்கும் என்பதால், இது அவர்கள் பிரச்சினையும்தான்.

மெயிலைக் குறைத்தேன். அந்த நேரம் வாட்ஸ்அப்புக்குப் போய்விட்டது.

எதிர்பார்த்ததுதான். காலியான இடத்தைப் போன் சும்மா விடாது. அதனால்தான் மெயிலைக் குறைப்பதை முதல் படியாக வைக்காமல், வெளியே போவதை முதல் படியாக வைக்கச் சொல்கிறேன். ஒரு நேரம் குறித்து, ஒருவரிடம் 'ஆறு மணிக்கு வருகிறேன்' என்று சொல்லி வையுங்கள். ஆள் காத்திருக்கிறார் என்றால் கால் கிளம்பிவிடும்.

வேலை தேடிக்கொண்டிருக்கிறேன். நேர்காணல் அழைப்பு எந்த நிமிடமும் வரலாம். நான் எப்படி மெயில் பார்க்காமல் இருப்பது?

உங்களுக்கு மட்டும் விதி கொஞ்சம் தளர்வு. விண்ணப்பம் அனுப்பிய நிறுவனங்களின் முகவரிகளுக்கு ஒரு ஃபில்டர் போட்டு, அவற்றுக்கு மட்டும் ஒலி வையுங்கள். நாளுக்கு மூன்று முறை ஸ்பேம் பெட்டியையும் சேர்த்துப் பாருங்கள், இந்த மாதிரி மெயில் அங்கே போய் மாட்டிக்கொள்வது உண்டு. நேர்காணலுக்குக் கூப்பிடுபவர்கள் பதிலுக்கு ஒரு நாளாவது பொறுப்பார்கள். ஒரு மணி நேரம் நீங்கள் நடக்கப் போனதால் அந்த வாய்ப்பு போய்விடாது. மெயிலுக்காகக் காத்திருக்கும் நாள்தான் இருக்கிற நாளிலேயே நீளமானது, அதில் உள்ளேயே உட்கார்ந்திருக்காதீர்கள். போனை ஒலியோடு பையில் போட்டுக்கொண்டு போங்கள். ஒலித்தால் நின்று எடுத்துப் பாருங்கள்.